பின்கூட்டம்

படல்காரிக்கு ஓர் அக்கா உண்டு என்பது கழிமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நாற்பத்தாறு வருடம் வெறும் கதையாகவே இருந்த அந்த அக்கா, மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கினாள். சேற்றில் சக்கரம் உருளவில்லை. படல்காரிதான் போய்ப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"கனமா இருக்கா?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்டாள்.

"மீன் கூடையவிடக் கம்மிதான்."

வாசலில் நின்றிருந்த படல்காரியின் புருஷன், படகு செய்யும் தச்சர், கையில் ஒட்டியிருந்த மரத்தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வாங்க மச்சினிச்சி, வழி மறக்காம வந்துட்டீங்களே" என்றார். அக்கா சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். தெருவில் பாதிப் பேர் கூடி அவளோடு அழுதார்கள். படல்காரி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு வாய் டீயாவது கொடுக்க வேண்டாமா?

படல்காரி என்ற பெயர் தொழிலால் வந்தது. ஆறு கடலில் விழும் இடத்துக்கு நூறு பாகம் தூரம் முன்னால், இரண்டு கரையிலிருந்தும் முளைக்கம்புகளை வரிசையாக ஊன்றி, கம்புக்குக் கம்பு பின்னிய படல் கட்டி, இரண்டு சிறகுபோல நடுவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சேரும் இடத்தில் வட்டமாக ஒரு அடைப்பு. தண்ணீர் வற்றும்போது கடலை நோக்கி இறங்கும் மீன், சிறகைத் தொட்டுத் தொட்டு வந்து வட்டத்துக்குள் நிற்கும். வட்டத்தின் கடல் பக்கத்தில் ஒரே ஒரு படல் மட்டும் கயிற்றில் தூக்கி இறக்கும்படி இருக்கும். அதற்குக் கடைப்படல் என்று பெயர். அதை இறக்கினால் மீன் நமக்கு. தூக்கினால் கடலுக்கு. எப்போது தூக்குவது, எத்தனை நாள் தூக்கியே வைப்பது என்பதில்தான் கழிமுகத்துச் சனத்தின் சோறு இருந்தது. மடவை மீன் வயிற்றில் முட்டையோடு கடலுக்கு இறங்கும் காலத்தில் கடைப்படல் மேலேதான் இருக்க வேண்டும். கடைசி மீன் போகிற வரைக்கும் பசித்தாலும் இறக்கக்கூடாது.

நடுவில், இந்தச் சனத்தைப் பார்த்துக்கொள்ள என்று வந்த சர்க்கார் துறை இந்த அடைப்பைச் சட்டவிரோதம் என்று சொல்லித் தடை போட்டது. அந்த வருடங்களில் படல்காரியும் அவள் அம்மாவும் ஒரு பக்கச் சிறகை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கிற அதிகாரிக்கெல்லாம் "வாத்துக்கு வேலிங்கய்யா" என்று சொன்னார்கள். அதிகாரியை நம்பவைக்க நாலு வாத்து வேறு வளர்த்தார்கள். அவற்றின் தொல்லை வேறு. எப்படியோ கம்பு ஒன்றாவது ஊன்றாத வருடம் இல்லை. படல்காரியின் விரல்களில் சிப்பி கிழித்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ரேகையே தெரியாது.

அடைப்பைத் தடை செய்த அதே துறையின் லாரிதான் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனது. படிக்கவைக்கிறோம் என்று சொல்லித் தூரத்து விடுதியில் போட்டார்கள். அங்கே இவர்கள் பேச்சைப் பேசினால் அடி. அப்பன் ஆத்தாளை மறக்கிறவரைக்கும் ஊருக்கு அனுப்பவில்லை. மறந்த பிறகு பிள்ளைகளே வரவில்லை. அக்காவுக்கு அப்போது எட்டு வயது. படல்காரிக்கு நாலு. அம்மா சின்னவளைக் கரையில் அடுக்கி வைத்திருந்த படல்களுக்கு நடுவே திணித்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மறைத்தாள். லாரி போன பிறகும் சின்னவள் வெளியே வரவில்லையாம். தூங்கிவிட்டாளாம். அம்மா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் போனவளுக்காக அழுவாளே தவிர, இருந்தவள் தலையை ஒரு நாளும் தடவியதில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா படுக்கையில் விழுந்தாள். கடைசி மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவளை அக்காவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். படல்காரி அந்தப் பெயருக்கே 'ம்' கொட்டினாள். வேறென்ன செய்வது?

அக்கா நகரத்தில் முப்பது வருடம் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவள். வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்குவது என்று வந்திருந்தாள். முதல் மாதம் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. காலையில் தண்ணீர் வற்றியதும் போய் முழங்கால் அளவு ஆற்றில் நிற்பாள். அவ்வளவுதான். படல்காரி சேற்றில் குனிந்து கம்பு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அக்கா சும்மா நின்றுகொண்டிருப்பாள்.

"என்ன பண்ற அங்க?" என்று ஒரு நாள் படல்காரி கேட்டாள்.

"தெரியல. கால் தரையத் தொடுது. அது போதும்போல இருக்கு."

இரண்டாம் மாதம் ஊரிலிருந்த லாரி மெக்கானிக் ஒருவன் வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான். அவனும் சின்ன வயதில் அதே விடுதிக்குப் போய், குடித்துக் குடித்துக் கெட்டு, நாற்பது வயதில் திரும்பி வந்தவன். யாரோடும் பேசமாட்டான். அவன் நின்ற நாலாம் நாள், படலில் மாட்டியிருந்த பாசியை ஒரு கையால் எடுத்துப் போட்டான். ஐந்தாம் நாள் இரண்டு கையாலும் எடுத்தான். ஆறாம் நாள் வாயைத் திறந்து அக்காவிடம் ஏதோ சொன்னான். சொன்னவன் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். அதைப் பார்த்தவர்கள் போய்ச் சொன்னார்கள். அடுத்த மாதத்துக்குள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். எல்லாரும் கொண்டுபோகப்பட்டவர்கள், அல்லது கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள். வற்றும் தண்ணீரில் நின்று பாசி எடுப்பார்கள், சேறு வாருவார்கள், தோன்றினால் பேசுவார்கள், தோன்றினால் அழுவார்கள். குடியை விட்டவர்கள் இருந்தார்கள். இருபது வருடம் கழித்து ராத்திரியில் தூக்கம் வந்தது என்றாள் ஒருத்தி. மறந்துபோன சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்கள்.

இதெல்லாம் நல்லதுதான். நல்லது என்று படல்காரிக்கும் தெரியும். ஆனால் அந்தப் பதினோரு பேருக்கும் டீ போட்டது யார்?

"அழுதுட்டு ஏறி வர்றாங்க, வந்து டீ நல்லாருக்குங்கறாங்க" என்று புருஷனிடம் பொருமினாள். "இத்தன வருஷம் நான் அதே தண்ணியிலதான நிக்கறேன்? என்னைக்காவது ஒருத்தராவது வந்து பக்கத்துல நின்னாங்களா?"

தச்சர் இழைப்புளியை நிறுத்தாமலே சொன்னார். "நீ நிக்கறப்ப கிட்ட வந்தா, கம்பப் புடி, கயித்த இழுன்னு வேல வாங்குவ. யாரு வருவா?"

"ஓஹோ. அவ வேல வாங்கமாட்டா."

"உங்க அக்கா பேசினா நெஞ்சுக்குள்ள எண்ணெய் விட்ட மாதிரி இருக்கு, என்ன சொல்ற?"

"ஏன், உமக்குக் கீல் துருப்பிடிச்சுக் கெடக்கா?"

தச்சர் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் இழைக்க ஆரம்பித்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பொறாமைக்குச் சாப்பாடு பெரிதாகப் போடவேண்டியதில்லை. தெருவில் கிடக்கும் துணுக்கைத் தின்றே அது வளர்ந்துவிடும். கடைப்படல் என்ற சொல் அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. வந்த புதிதில் அதை "அந்த கேட்" என்று சொன்னாள். பதினோரு பேரும் கேட் என்றார்கள். பிறகு மீன் வாங்க வருகிறவர்களும் கேட் என்றார்கள். ஒரு நாள் தச்சரே, "கேட்டு கயிறு நைஞ்சிருக்கு, மாத்தணும்" என்றார். படல்காரி கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டாள். கரண்டி கதவில் பட்டு வளைந்தது. தச்சருக்கு ஏன் என்றே புரியவில்லை.

அந்த வருடம்தான் துறைக்குப் புத்தி வந்தது. கழிமுகத்து மீனையும் தண்ணீரையும் காப்பாற்றும் பொறுப்பை இனி இந்தச் சனமே பார்த்துக்கொள்ளலாம் என்று காகிதம் கொடுக்க முன்வந்தார்கள். காகிதத்தில் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயர் வேண்டும். ஊர்ச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் ஆள் நெடுநெடுவென்று இருப்பார். முழக்கோல் என்றுதான் அவரை எல்லாரும் சொல்வார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். அவர் எழுந்து விட்டத்தில் தலை இடிக்காமல் குனிந்து நின்று, "யாரப் போடலாம்?" என்றார்.

படல்காரி முந்தானையை இழுத்துச் செருகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பெயர்தான் வரும் என்று அவள் நம்பியிருந்தாள். நம்பாமல் இருப்பதுதான் எப்படி?

"அக்காவையே போடுங்க" என்றது ஒரு குரல். "ஆபீசுல பேசத் தெரியும். கடுதாசி எழுதத் தெரியும். நம்ம சனத்தத் திரும்பச் சேத்துவச்சதும் அவங்கதான்."

"எனக்கு அடைப்பப் பத்தி என்ன தெரியும்? தங்கச்சியப் போடுங்க" என்றாள் அக்கா.

"தங்கச்சி எங்க போயிடப் போறாங்க? கூடத்தான இருக்காங்க" என்றார் முழக்கோல். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. படல்காரியும் தூக்கினாள். தூக்காவிட்டால் வயிற்றெரிச்சல்காரி என்பார்களே!

மடவை இறங்கும் காலம் வந்தது. முதல் கூட்டம் போனது. ஐந்து நாள் கழித்து இரண்டாவது போனது. தண்ணீர் வற்றும் ஒவ்வொரு தடவையும் படல்காரி கைவலையில் ஒரே ஒரு மீனைக் கோரி, கட்டைவிரலால் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விடுவாள். பின்கூட்டம் இன்னும் வரவில்லை. பெரிய மீன்கள் கடைசியில்தான் வரும். நிலத்துப் பக்கமிருந்து காற்று திரும்பி, தண்ணீரின் மண் நிறம் தெளிந்த பிறகே அவை அசையும். காற்று திரும்பவில்லை. தண்ணீர் இன்னும் டீ நிறத்தில்தான் இருந்தது. இதைப் படிப்பதற்கு அவளுக்குக் காகிதமும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம்.

அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கரைக்கு வந்தாள். படல்காரி கிழிந்த படல் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கூட்டமும் போய் ஒரு வாரம் ஆகுது. சனம் கேக்குது, என்னைக்கு எறக்கலாம்னு. துறைக்கும் தேதி எழுதணும். எல்லாம் போயிடுச்சா?"

படல்காரி நிமிரவில்லை. "போயிடுச்சு."

"நிச்சயமாவா?"

"நாளைக்கே எறக்கலாம்."

எச்சில் துப்புகிற மாதிரி அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அக்கா எழுதிக்கொண்டாள். "நீ சொன்னா சரி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை படல்காரியை உலுக்கியது. இந்தப் பெண் என்னை இப்படி நம்புகிறாளே என்று வாய்வரைக்கும் வந்தது. கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இரு" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அதற்குள் யாரோ ஒரு வெளியூர்க்காரி ஓடிவந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தன் தம்பி உங்களால்தான் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா கூச்சத்தோடு பேச்சை மாற்றப் பார்த்து, பக்கத்தில் கையைக் காட்டினாள்.

"இது என் தங்கச்சி. நமக்கெல்லாம் டீ போடறது இவதான்."

படல்காரி மறுபடி நாரை எடுத்தாள். "என்னமோ சொல்ல வந்தியே?" என்று அக்கா பிறகு கேட்டபோது, "ஒண்ணுமில்ல" என்றாள்.

மறுநாள் கடைப்படல் இறங்கியது. அந்தப் பதினோரு பேருக்கு இதுதான் முதல் அறுவடை. இத்தனை நாள் பாசி எடுத்தவர்கள் இப்போது மீன் எடுக்கப் போகிறார்கள். மெக்கானிக் புதுக் கூடை பின்னிக்கொண்டு வந்திருந்தான், அடிப்பாகம் கோணல். படல்காரி அதைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, சரிசெய்து கொடுக்கவும் இல்லை. பின்கூட்டம் வந்து தொலையட்டும், ஊரே அக்காவைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைப்பாள். வராமலே போகட்டும் என்று மறு நிமிஷம் நினைப்பாள்.

இரண்டு நாள் சின்ன மீன்களே விழுந்தன. மூன்றாம் நாள் விடியும்போது முதுகில் சில்லென்று காற்று பட்டது. நிலத்துக் காற்று. அவள் கரைக்குப் போவதற்குள் தண்ணீர் பாதி வற்றியிருந்தது. வட்டத்துக்குள் தண்ணீரே தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. முழங்கை நீள மடவைகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, படலில் மோதி, திரும்பி, மறுபடி மோதின. கரையில் சனம் ஆர்ப்பரித்தது. பதினோரு பேரும் உள்ளே இறங்கிக் கையாலேயே பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சிரிப்பார்களா இவர்கள் என்று இருந்தது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று குழந்தைபோலக் கத்திக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்தான் முதலில் நின்றான். அவன் இரண்டு கையிலும் ஒரு பெரிய மீன். இறுக்கிப் பிடித்ததில் அதன் வயிற்றிலிருந்து மஞ்சளாக வழிந்து அவன் மணிக்கட்டு வரை ஒழுகியது. அவன் அதைப் பார்த்தான். கூடைக்குள் பார்த்தான். கூடையின் அடியில் மஞ்சள் தேங்கியிருந்தது.

"இதுக்கெல்லாம் வயித்துல புள்ள இருக்கு" என்றான்.

ஆர்ப்பரிப்பு அடங்கியது. முழக்கோல் கரையிலிருந்து ஓடிவந்து இன்னொரு மீனை அமுக்கினார். அதுவும் அப்படியே. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மெக்கானிக் தன் மீனை மெதுவாகத் தண்ணீரில் விட்டான். அது மல்லாந்து மிதந்தது.

"நாம தொட்டா இப்படித்தான்" என்றான். "நான் அப்பவே நெனச்சேன். நம்ம கை பட்டா எதுவும் வெளங்காது. அங்கயும் அதத்தான் சொல்லிச் சொல்லி அடிச்சாங்க." கூடையைப் போட்டுவிட்டுக் கரையைப் பார்க்க நடந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். ராத்திரியில் தூக்கம் வந்தது என்று சொன்னவள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். மஞ்சள் போன பிறகும் துடைத்தாள்.

அக்கா வெளுத்துப்போய் நின்றாள். இதற்குத்தான் படல்காரி ஆசைப்பட்டிருந்தாள். இப்போது கண் முன்னால் நிற்கிறது. ஆனால் அவள் கண் அக்காவிடம் போகவே இல்லை. அந்தத் துடைக்கிற கையிலேயே நின்றுவிட்டது.

அடுத்த கணம் அவள் தண்ணீரில் இருந்தாள். வழியில் நின்ற ஆட்களைத் தள்ளினாள். கடைப்படலின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மீன் பாரத்தில் படல் அசையவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கட்டுகளை அறுத்தாள். தான் போட்ட கட்டு, தானே முறுக்கிய கயிறு. ஒரு பக்கம் போதாது என்று வட்டத்தின் கம்பு இரண்டை மார்போடு அணைத்துப் பிடுங்கினாள். "இழுங்க! பாத்துக்கிட்டு நிக்காதீங்க, இழுங்க!" என்று அலறினாள். தச்சர் இறங்கினார், முழக்கோல் இறங்கினார். படல் சரிந்தது. மடவைகள் அவள் காலில் இடித்து, தொடையில் இடித்து, கடலைப் பார்த்துப் பாய்ந்தன. பாதிக்கு மேல் போய்விட்டன. மீதி கூடைகளில் கிடந்தது.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே கரையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏ மெக்கானிக்கு, நில்லு. உங்க கையில ஒண்ணும் இல்ல. பின்கூட்டம் வரலன்னு எனக்குத் தெரியும். அக்கா கேட்டா. போயிடுச்சுன்னு பொய் சொன்னேன். அவ மூக்கு ஒடையணும்னு சொன்னேன்."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான்; நிற்காமல் ஏறிப் போய்விட்டான்.

சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் எல்லாரும் கூடினார்கள். தெரிந்தே முட்டை மீனைப் பிடிக்கவைத்தவர்கள், அடுத்த வருடம் பின்கூட்டம் போய் முடிகிறவரைக்கும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. அதைச் சொல்ல வேண்டியவள் பொறுப்பாளர். முழக்கோல் தொண்டையைச் செருமி, "அவங்க இல்லன்னா இன்னைக்கு அடைப்பே இல்ல, கொஞ்சம் கொறச்சு..." என்று ஆரம்பித்தார்.

"முழு வருஷம்" என்றாள் அக்கா. "துறைக்கும் நடந்தத நடந்தபடியே எழுதப் போறேன்."

படல்காரிக்கு ஆத்திரமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. குறைத்திருந்தால் அதையும் அக்காவின் தயவு என்றல்லவா சுமக்க வேண்டியிருந்திருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் அக்கா அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.

"என்னை அசிங்கப்படுத்தணும்னா மேல சேத்த வாரி அடிச்சிருக்கலாமே! அந்த மெக்கானிக் உனக்கு என்ன பண்ணான்? அவன் இனிமே தண்ணிக்கு வருவானா? சொல்லு."

"தெரியல."

"எதுக்குடி பண்ண?"

"எதுக்கா?" என்றாள் படல்காரி. "கொண்டுபோனவங்களுக்கெல்லாம் அழறாங்க. இருந்தவளுக்கு யாரு அழுதா? அம்மா சாகிற வரைக்கும் உன் பேரத்தான் சொன்னாங்க. மூணு மாசம். மலம் அள்ளினது நான், கஞ்சி ஊத்தினது நான், பேரு உன் பேரு. நான்னு ஒருத்தி அந்த வீட்டுல இருந்தேனான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க கூப்பிட்டத நான் கேக்கலியே" என்றாள். "நீதான கேட்ட. எனக்கு அம்மா குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. அங்க விடுதிப் படுக்கையில கெடந்து தினமும் உன்னத் திட்டுவேன், தெரியுமா? அந்தப் படல் அடுக்குல ஒரு ஆளுக்குத்தான் எடம் இருந்துச்சு. அம்மா உன்னத் தூக்கிப் போட்டாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அவ மட்டும் என்ன ஒசத்தின்னு எட்டு வயசுல ஆரம்பிச்சது, இன்னும் விடல. இங்க வந்து நீ அந்தக் கம்பப் புடிக்கிற அழகப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. அந்த மூணு மாசத்த எனக்குக் குடு. இந்த ஆளுங்க, காகிதம், மரியாத எல்லாத்தையும் நீயே வச்சுக்க."

கொடுக்க முடிந்த பொருளா அது? இருவரும் அன்றைக்குக் கட்டிப்பிடித்து அழவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். தச்சர் கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்து, "சாப்பாடு இருக்கா, இல்ல நான் ஏதாவது வேகவைக்கவா?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேணாம்" என்றார்கள். அவர் சமைத்தால் வாயில் வைக்க முடியாது என்பதை அக்காவும் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள்.

துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனாள். மறைக்காமல் சொன்னதால் காகிதம் பிழைத்தது. மெக்கானிக் ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் வந்தான். வந்தவன் அக்காவிடம் போகாமல், கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த படல்காரியின் முன்னால் அந்தக் கோணல் கூடையைப் போட்டு, "இதுல என்ன தப்பு?" என்று கேட்டான். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "கூடையச் சொல்லுங்க" என்றான். அவள் சொன்னாள்.

அப்படித்தான் அந்த வருடம் நடந்தது. அறுத்த அடைப்பை அக்காவும் மெக்கானிக்கும் மற்றவர்களும் புதிதாகக் கட்டினார்கள். படல்காரி கரையில் உட்கார்ந்து வாயாலேயே கட்டினாள். "சாச்சு ஊனு! தண்ணிக்கு முதுகக் காட்டாத! அது முடிச்சா, இல்ல கொசுவலையா?" அக்காவின் விரல்கள் சிப்பியில் கிழிந்தன. ஒரு நாள் சேற்றில் மல்லாக்க விழுந்தாள்; படல்காரி சிரித்த சிரிப்பில் முக்காலியிலிருந்து தானும் விழப்பார்த்தாள். ஆனால் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். தண்ணீரில் நிற்கும் ஒவ்வொரு காலையும் பார்த்து அவள் பொருமினாள். மெக்கானிக் போட்ட முடிச்சு தன்னுடையதைவிட இறுகி நின்றபோது ஒரு வேளைச் சோற்றைத் தொடவில்லை.

மழைக்கு முந்தைய மாதத்தில், கூடையில் மீன் விற்கிறவள் ஒருத்தி கரை வழியாகப் போனவள் படல்காரியின் பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தாள். காலை நீவிக்கொண்டாள். ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க அண்ணனையும் கொண்டுபோனாங்க. வரவே இல்ல. எங்க அப்பா சாகற வரைக்கும் அவனுக்கு ஒரு தட்டு தனியா வைப்பாரு. நான் அந்தத் தட்டக் கழுவிக் கழுவி வைப்பேன். ஒரு நாள் ஒடச்சுட்டேன். கை தவறிடுச்சுன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கை தவறல."

"தெரியும்" என்றாள் படல்காரி.

"உன்ன அன்னைக்கு ஊரே திட்டுச்சு. நானும் திட்டினேன். அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சேன்."

மறுநாள் மீன்காரி இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள். அவளுக்கு இரண்டு அக்காமார் போயிருந்தார்கள். பிறகு முழக்கோலின் பெண்டாட்டி வந்தாள். பலகை போதாமல் தச்சர் நீளமாக ஒன்று செய்து போட்டார். ஊரோடு இருந்தவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள்; யாருக்கும் சொல்லாததை ஒருத்திக்கொருத்தி சொன்னார்கள். பாதி நேரம் அழுகை. பாதி நேரம், போனவர்களைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பு. எதிரே தண்ணீரில் பதினோரு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு காலை, மீன்காரி ஏதோ சொல்ல, அன்றைக்கு இருந்த ஆறு பேரும் பலகை ஆடும்படி சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த படல்காரி, அக்காவைப் பார்த்தாள். அக்கா இடுப்பளவு தண்ணீரில், கையில் பாதி முடிந்த கட்டோடு, இந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு லேசாக இறுகியிருந்தது. பார்க்காததுபோலக் கண்ணை விலக்கி, மறுபடி கொண்டுவந்தாள்.

அந்த முகத்தைப் படல்காரிக்கு உள்ளிருந்தே தெரியும். முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், நல்ல சந்தோஷம். அது கொஞ்ச நேரம்தான் நின்றது.

"அக்கா, ஏறி வா."

"வேல கெடக்கு."

"அந்த முடிச்சு எப்படியும் அவுக்க வேண்டியதுதான். வா."

அக்கா வரவில்லை. முடிச்சை முடித்தாள். இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் சேற்றை வழித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தாள். பலகையில் இடமில்லை. படல்காரி மீன்காரியை இடித்துத் தள்ளி ஒரு ஆள் அளவு இடம் பண்ணினாள். அக்கா சொட்டச் சொட்ட அதில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, என் துணியெல்லாம் ஈரம்!" என்றாள் மீன்காரி.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் படல்காரி. "நீ சொல்லு. எங்க விட்ட? மறுபடி மொதல்ல இருந்து சொல்லு. இவளுக்குத் தெரியாதுல்ல?"